கம்பங்கூழ்

கம்பங்கூழ் என்பது கம்பை இடித்து வேகவைத்து, ஓர் இரவு புளிக்கவிட்டு, மோரில் கரைத்து உண்ணப்படும் காலை உணவாகும். விருதுநகர் மாவட்டம், சாத்தூர் வட்டத்திலுள்ள இருக்கன்குடியை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தில் இது கம்மங்கூழ், கம்மங்கஞ்சி எனவும் அழைக்கப்படுகிறது. கம்பு குறைந்த மழையிலும் விளையும் மானாவாரிப் பயிராகும்.

செய்முறை

கம்பில் நீர் தெளித்து இடித்து, உமியைப் புடைத்து நீக்கி, குருணையாக உடைப்பர். அதைக் கொதிநீரில் இட்டுக் கெட்டியாகும்வரை கிண்டுவர். ஆறியபின் உருண்டைகளாக்கி, இரவு முழுவதும் நீரில் இட்டு வைப்பர். காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயம் அல்லது மோர் மிளகாயுடன் உண்பர்.

உணவுச் சத்துக்கள்

100 கிராம் கம்பில் ஏறத்தாழ 350 கிலோ கலோரி ஆற்றல், 11 கிராம் புரதம், 11 கிராம் நார்ச்சத்து, 6 மில்லி கிராம் இரும்புச்சத்து ஆகியன உள்ளன.

எடைக் குறைப்பு

ஆற்றல் அளவில் கம்பும் அரிசியும் ஏறக்குறைய சமமே. எனவே கூழ் தானாக எடையைக் குறைப்பதில்லை. உண்ணும் அளவே முக்கியம். 40 கிராம் கம்பு ஏறத்தாழ 140 கிலோ கலோரி மட்டுமே தரும். ஆயினும் நீரும் நார்ச்சத்தும் சேர்வதால் வயிறு நிறைந்து, பசி தாமதமாகிறது. 20 கிராம் வெல்லம் சேர்த்தால் ஆற்றல் பாதியளவு கூடிவிடும். கம்பிலுள்ள சில வேதிப்பொருட்கள் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கக்கூடியவை என்பதால், அக்குறைபாடு உடையோர் மருத்துவரைக் கலந்து உண்பது நன்று.

வழிபாட்டில்

ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல் தமிழகத்தில் பரவலான வழக்கமாகும். அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்திலுள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று பெருந்திருவிழா நடைபெறுகிறது.