மஃரிப் தேசமும் ஒரு பெண்மணியின் வக்ஃபும்

 

மஃரிப் என்ற சொல்லை நாம் நாள்தோறும் மொழிகிறோம். சூரியன் மறையும் திசை என்பது அதன் பொருள். அதனையே தன் பெயராகக் கொண்ட நாடு, வட ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள மொராக்கோ. அரபியில் அதன் பெயர் 'அல்-மஃரிப்'.

மாலிக்கீ மத்ஹபைப் பின்பற்றும் அந்நாட்டின் பள்ளிவாசல்களில் போற்றத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. சுப்ஹுக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் கூடியமர்ந்து, குர்ஆனின் அறுபதில் ஒரு பகுதியான ஒரு 'ஹிஸ்பு' ஒரே குரலில் ஓதுவர். இவ்வாறு மாதந்தோறும் குர்ஆன் முழுவதும் நிறைவுறும். ஜும்ஆ முடிந்ததும் குடும்பத்தார் ஒரே தட்டைச் சுற்றியமர்ந்து 'குஸ்குஸ்' உண்பர். நம் சஹன் விருந்து நினைவுக்கு வரும். நமக்கு நோன்புக் கஞ்சி எப்படியோ, அப்படி அவர்களுக்குப் பருப்பு வகைகளும் தக்காளியும் சேர்ந்த 'ஹரீரா'. விருந்தினருக்குப் புதினாத் தேநீர் தவறாது கிட்டும்.

அந்நாட்டின் பெருமைகளுள் தலையாயது ஃபெஸ் நகரம். அதன் குறுகிய தெருக்களும் தோல் பதனிடும் தொட்டிகளும் அடங்கிய பழைய நகரை 1981இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து இங்குக் குடியேறிய வணிகரின் மகளார் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி. தந்தைவழி கிடைத்த வாரிசுச் சொத்தைக் கொண்டு ஹிஜ்ரி 245இல் (கி.பி. 859) அவர் கரவிய்யீன் பள்ளிவாசலை நிறுவினார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதுவே பின்னாளில் பெரும் பல்கலைக்கழகமாயிற்று. கடைகள், வீடுகள் முதலிய வக்ஃபு சொத்துகளின் வாடகை ஆசிரியர்களையும் மாணவர்களையும் தாங்கி நின்றது. இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலின் பிரதியொன்றை அதன் நூலகத்திற்கு வக்ஃபு செய்தார். மதுரை சுல்தானகத்தையும் கண்டு சென்ற தாஞ்சியர் நகரத்துப் பயணி இப்னு பதூதா, தம் பயண வரலாற்றை 1355இல் நிறைவு செய்ததும் இதே ஃபெஸ் நகரில்தான். சிதைவுற்றிருந்த அந்நூலகத்தை அண்மைக் காலத்தில் புதுப்பித்த கட்டடக்கலைஞர் அஸீஸா ஷவ்னியும் ஒரு பெண்மணியே என்பது மகிழ்வூட்டும் செய்தி.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஃபாத்திமாவுக்கு உரிய பங்கு முறையாகக் கொடுக்கப்பட்டது. ஆகவே அவர் கொடுத்தார். நம்மில் எத்தனை குடும்பங்கள் பெண்மக்களின் பங்கைக் கணக்கிட்டுக் கொடுக்கின்றன? நம் முன்னோர் விட்டுச் சென்ற வக்ஃபு சொத்துகளின் வருமானத்தில் கல்விக்குச் செல்வது எவ்வளவு? வாரிசுரிமையையும் வக்ஃபையும் அமானிதமாகப் பேணிய ஊரில் ஆயிரம் ஆண்டுகளாக அறிவு விளக்கு அணையவில்லை. நம் ஜமாஅத்திலும் அவ்விளக்கை ஏற்ற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.