யாருடைய பொட்டலம்: வன்பொருள் முகவரி வடிகட்டியின் வரலாறு

ஒரே கேபிளில் பல கணினிகளைப் பிணைத்து, ஒன்று அனுப்பும் செய்தி மற்ற அனைத்தின் வாயிலிலும் வந்து நிற்கும்படி அமைக்கப்பட்டதே ஈதர்நெட் என்பதால், தனக்குரியதைக் கொண்டு பிறவற்றைத் தள்ளும் வடிகட்டல் அந்த வலையமைப்புடன் சேர்ந்தே பிறந்தது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1973இல் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் தொடங்கிய சோதனை வலையமைப்பில் முகவரிக்கென 8 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு கட்டடத்துக்கு அது போதும். டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி 1980 செப்டம்பரில் வெளியிட்ட விவரக்குறிப்பு அதை 48 பிட்டுகளாக, அதாவது 6 பைட்டுகளாக நீட்டியது. முதல் 3 பைட்டுகள் தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்படும் எண். எஞ்சிய 3 பைட்டுகள் அந்தத் தயாரிப்பாளர் ஒவ்வொரு அட்டைக்கும் தாமே இடும் எண். உலகில் எந்த இரு அட்டைகளுக்கும் ஒரே எண் அமையக் கூடாது என்னும் இந்த ஏற்பாட்டிலிருந்தே வன்பொருள் முகவரி, அதாவது மேக் முகவரி, ஒரு பொறியின் மாறா அடையாளம் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

ஈதர்நெட் பொட்டலத்தின் முதல் 6 பைட்டுகளில் பெறுநர் முகவரியும் அடுத்த 6 பைட்டுகளில் அனுப்புநர் முகவரியும் அமைந்திருப்பதால், கணினியிலுள்ள அட்டை தொடக்க பைட்டுகளைப் பார்த்தவுடனேயே, தனக்கோ தான் சேர்ந்த குழுவுக்கோ அனைவருக்குமோ வராத பொட்டலத்தைக் கைவிட்டுவிடும். வலையமைப்பைக் கண்காணிக்கும் கருவிக்கோ பிறருக்குரிய பொட்டலங்களே தேவை. ஆகவே அது அட்டையின் இந்தத் தடையை நீக்கி, வரும் அனைத்தையும் ஏற்கும் ‘புரோமிஸ்குவஸ்’ நிலையில் அதை வைக்கிறது. இதனால் அட்டை செய்துவந்த தள்ளும் வேலை மென்பொருளின் தலையில் விழுந்தது. அதை எந்த இடத்தில், எவ்வளவு விரைவாகச் செய்வது என்பதே பின்வந்த இருபது ஆண்டுகளின் பொறியியல் சிக்கலாயிற்று.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980இல் மைக் அக்கெட்டா, ரிக் ராஷித் ஆகியோர் உருவாக்கி, பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஜெஃப்ரி மோகல் வளர்த்தெடுத்த பொட்டல வடிகட்டி, பயனர் எழுதிய சிறு நிபந்தனையை இயக்க அமைப்பின் உட்கருவான கெர்னலிலேயே ஓட்டிப் பார்த்து, தேறிய பொட்டலத்தை மட்டும் நிரலுக்கு அளித்தது. பிடிபி-11 கணினியின் இயல்புக்கேற்ப அது 16 பிட்டுகளாகவே ஒப்பிட்டதால், ஒரு வன்பொருள் முகவரியைச் சரிபார்க்க மூன்று ஒப்பீடுகள் தேவைப்பட்டன. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட பிபிஎஃப் வடிகட்டி 32 பிட் பதிவகங்களைக் கொண்டு அமைந்தது. பழைய வடிவமைப்பைவிட 20 மடங்கு வரை அது விரைவானது என்று அவர்கள் காட்டினர். அவ்வாய்வகத்திலேயே உருவான டிசிபிடம்ப் நிரலில் ‘ஈதர் ஹோஸ்ட்’ என்று எழுதி ஒரு முகவரியைக் கொடுத்தால், பெறுநர், அனுப்புநர் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் அது இரண்டே ஒப்பீடுகளாக மாற்றப்படும். அவற்றுள் முகவரியின் கடைசி 4 பைட்டுகளே முதலில் பார்க்கப்படுகின்றன. ஒரே தயாரிப்பாளரின் அட்டைகள் நிறைந்த அலுவலகத்தில் முன்பாதி எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும் என்பதை எண்ணினால், இந்த வரிசையின் பயன் விளங்கும்.

இதற்கிடையே, ஹாரி சால், லென் ஷஸ்டெக் ஆகியோர் தொடங்கிய நெட்வொர்க் ஜெனரல் நிறுவனம் 1986இல் கொண்டுவந்த ‘ஸ்னிஃபர்’, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினியையே பகுப்பாய்வுக் கருவியாக்கியது. ஆயினும் பழுது நேர்ந்த இடத்துக்குக் கருவியோடு ஒருவர் நேரில் செல்ல வேண்டியிருந்தது. ஸ்டீவன் வால்ட்பஸர் எழுதி 1991 நவம்பரில் வெளியான ஆர்மான் என்னும் தொலைக் கண்காணிப்புத் தரம் இதை மாற்றியது: கேபிளில் நிலையாகப் பொருத்திய ஆய்வுக் கருவியின் அட்டவணையில், வேறோர் ஊரிலிருந்தே ஒரு வரிசையைச் சேர்த்து வடிகட்டியை அமைக்கலாம். அவ்வரிசைக்கு நான்கு மதிப்புகள் வேண்டும்: பொட்டலத்தில் எந்த பைட்டிலிருந்து ஒப்பிடுவது என்னும் இடம், ஒப்பிட வேண்டிய தரவு, எந்தெந்த பிட்டுகளைக் கருதுவது என்று காட்டும் மறைப்பு, பொருந்தக் கூடாத பிட்டுகளைக் காட்டும் எதிர்மறைப்பு. பெறுநர் முகவரி பதினாறெண் முறையில் ஏ5 ஆகவும், அனுப்புநர் முகவரி பிபி அல்லாததாகவும் உள்ள பொட்டலங்கள் வேண்டுமெனில் இடம் 0. தரவு இரு முகவரிகளும் சேர்ந்த 12 பைட்டுகள். மறைப்பு முழுவதும் எஃப்எஃப். எதிர்மறைப்பில் முதல் 6 பைட்டுகள் 00, அடுத்த 6 பைட்டுகள் எஃப்எஃப். இந்த எடுத்துக்காட்டைத் தரத்தின் ஆவணமே தருகிறது. பெயர் சொல்லிக் கேட்கும் டிசிபிடம்பின் எளிமை இதில் இல்லை என்றாலும், தரவையும் மறைப்பையும் 3 பைட்டுகளோடு நிறுத்தி ஒரு தயாரிப்பாளர் எண்ணைத் தாங்கிய அட்டைகள் அனைத்தையும் ஒரே வரிசையில் பிடிக்க முடிந்தது இதன் வலிமை.

முகவரி மாறாது என்னும் நம்பிக்கை அப்போதே முழு உண்மையாக இருக்கவில்லை. டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் நான்காம் கட்ட நெறிமுறை ஓடிய கணினிகள், அட்டையில் பொறித்த எண்ணை விடுத்து, ஏஏ-00-04-00 என்று தொடங்கும் புதிய எண்ணைத் தாமே சூடிக்கொண்டன. அட்டையின் எண்ணைக் குறித்துவைத்து வடிகட்டி அமைத்தவருக்கு ஒன்றும் அகப்படாது. ரௌட்டருக்கு அப்பாலிருந்து வரும் பொட்டலங்கள் எல்லாம் ரௌட்டரின் வன்பொருள் முகவரியையே தாங்கி வருவதால், தொலைவிலுள்ள பொறியையும் இவ்வழியில் அடையாளம் காண முடியாது. 1990இல் கல்பனா நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சைக் கொண்டுவந்தபின், ஒவ்வொரு பொட்டலமும் உரிய துறைக்கு (போர்ட்டுக்கு) மட்டுமே சென்றதால், கேபிளைக் கேட்டுக்கொண்டிருந்த கருவிகள் ஏறக்குறையச் செவிடாயின; ஒரு துறையின் போக்குவரத்தை மற்றொன்றுக்குப் படியெடுத்து அனுப்பும் வசதியை ஸ்விட்சிலேயே சேர்த்த பிறகே அவை மீண்டும் பயன்பட்டன.

கைபேசிகள் முகவரியின் நிலைத்தன்மையை மேலும் தளர்த்தின. வைஃபை வலையமைப்புகளைத் தேடும்போது தற்செயல் முகவரியைக் காட்டும் முறையை ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8 வழியாகக் கொண்டுவந்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, வலையமைப்பில் இணையும்போதும் அதையே இயல்பான வழக்கமாக்கியது. அத்தகைய முகவரிகளின் முதல் பைட்டில், கடைசிக்கு முந்தைய பிட்டு 1 ஆக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இடம் 6, தரவு 02, மறைப்பு 02 என்று ஆர்மான் பாணியில் ஒரு வடிகட்டியை அமைத்தால், இன்னார் என்று தெரியாவிட்டாலும், தற்செயல் முகவரியோடு வரும் கைபேசிகள் அனைத்தும் அதில் சிக்கும்; ஏஏ என்னும் பைட்டிலும் அதே பிட்டு 1 ஆக இருப்பதால், பழைய டெக்நெட் கணினிகளும் அவற்றோடு சேர்ந்தே சிக்கும்.