டைனமோவில் பேசிய வானொலி

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டுக்கொண்டது. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு வந்தது. செய்திக்கு என்ன வழி? பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்துச் சில நிமிடங்கள் கேட்டனர். அதுவும் ஓய்ந்தபோது கைகொடுத்தது துவிச்சக்கரவண்டியின் டைனமோ.

ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையையோ மணிலாவின் வெரித்தாஸையோ கேட்பர். டைனமோ தருவது 6 வோல்ற். நான்கு பற்றரிகளில் இயங்கும் வானொலிக்கு அளவு பொருத்தந்தான். ஆனால் அது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். எனவே இடையில் நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் பொருத்தப்பட்டன. மின்சாரமின்றி மூலையில் கிடந்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள் இவை தாராளமாகவே இருந்தன!

தமிழோசை அரை மணி நேரமே ஒலிக்கும். நடுவில் வானொலி வாயடைத்துப்போனால் அதற்குள் பழுதைக் கண்டுபிடித்தாக வேண்டும். மீற்றர் இல்லாத வீட்டில் வண்டியின் முன்விளக்கு பல்ப்பே சோதனைக் கருவி. முதலில் அதை நேரே டைனமோவில் தொடுத்துப் பார்ப்பர். எரியாவிட்டால் வயரைச் சந்தேகிக்குமுன் வண்டியின் உடலைப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். டைனமோவிலிருந்து புறப்படுவது ஒரே வயர். மின்னோட்டம் திரும்பிவரும் பாதை வண்டியின் இரும்புச் சட்டம். பிடிப்பின் அடியில் துருவோ வர்ணப்பூச்சோ இருந்தால் அப்பாதை அறுந்துவிடும். கத்தியால் சுரண்டிவிட்டால் போதும்.

டைனமோவில் பிரகாசமாக எரிந்த பல்ப் இருவாயிகளுக்கு அப்பால் மிகவும் மங்கினால் அவற்றில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். வானொலி பேசினாலும் கூடவே ஓர் இரைச்சல் எழுந்து, பெடலின் வேகத்தோடு அதன் சுருதியும் ஏறி இறங்குமானால், குற்றவாளி பெரும்பாலும் உலர்ந்துபோன கொள்ளளவியே.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது சுற்றுபவரின் ஆர்வம். வானொலி உறிஞ்சும் மின்னோட்டம் சொற்பம். வேகம் கூடக்கூட அழுத்தம் 6 வோல்ற்றைத் தாண்டி உயர்ந்து, உள்ளிருக்கும் உறுப்புகளை எரித்துவிடும். பல்ப்பையும் சமாந்தரமாக எரியவிட்டால் மேலதிக மின்னை அது விழுங்கிக்கொள்ளும். 1994 ஒக்ரோபரில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே பேச்சு தொடங்கியபின் பெடல்கள் எவ்வளவு வேகமாகச் சுழன்றிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலே நடந்த பேச்சுக்கு வெளியுலகம் என்ன பொருள் கொள்கிறது என்பதை அறிய லண்டனைக் கேட்க வேண்டியிருந்தது.

1995 ஏப்ரல் 19ஆம் திகதி போர்நிறுத்தம் முறிந்தது. ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அதே துவிச்சக்கரவண்டிகள் மூட்டைமுடிச்சுகளையும் முதியோரையும் சுமந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்தன.