தொட்டியும் தொட்டஹள்ளாவும்

போன வருஷம் அக்கா மகளுக்காக ஓசூரில் ஒரு இரண்டடி கண்ணாடித் தொட்டி வாங்கினேன். இரண்டு தங்கமீன், இரண்டு ஏஞ்சல், நாலு டைகர் பார்ப், கொஞ்சம் கப்பி, ஒரு ஜோடி மோலி, ஒரு டேங்க் கிளீனர். "எல்லாம் ஒண்ணா விடலாம், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். சாக்கில் சுற்றி பஸ்ஸில் அஞ்செட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். பத்து நாளில் பாதி மீன் மிதந்தது.

"நான் நிறைய சாப்பாடு போட்டேனே மாமா, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று அழுதாள். பதில் தெரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, அந்தக் கேள்விக்கு நூற்றி எழுபது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருப்பது தெரிந்தது.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்றொரு வேதியியலாளர் இருந்தார். பன்னிரண்டு கேலன் தொட்டியில் இரண்டு தங்கமீனையும் ஒரு நீர்ச்செடியையும் விட்டுப் பார்த்தார். செடி மூச்சுக்காற்று தரும், மீன் பிழைக்கும் என்பது கணக்கு. ஆனால் இலைகள் அழுகி தண்ணீர் கெட்டது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார், தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். மூன்று வருஷத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கூடம் திறந்தார்கள். 1854-ல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடுகளுக்குள் கொண்டுபோனது.

வாரிங்டன் கண்ணால் பார்க்க முடியாத ஒரு கூட்டமும் அந்தத் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தது. மீனின் கழிவும் தின்னாமல் கிடக்கும் தீனியும் அம்மோனியாவாகின்றன. அது மீனின் செவுளைச் சுடும் விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு படிகளையும் 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் தெளிவாக்கியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. அவர் ஆராய்ந்தது மண்ணைத்தான். ஆனால் புதுத் தொட்டி வாங்கும் ஒவ்வொருவருக்கும் அது பொருந்தும். அந்தப் பாக்டீரியா ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாங்கள் முதல் நாளே ஒரு டஜனுக்கு மேல் மீனை விட்டு, மூணு வேளையும் தீனி கொட்டினோம். அவள் போட்ட அன்பு முழுக்க அம்மோனியாவாகிவிட்டது.

தீனிக்கும் ஒரு வரலாறு உண்டு. டப்பா தீனி வருவதற்கு முன்னால் மீன் வளர்த்தவர்கள் சாக்கடையோரத்துப் புழுவையும் குட்டையில் வலைவீசிப் பிடித்த நீர்ப்பூச்சியையும் நம்பியிருந்தார்கள். 1955-ல் ஜெர்மனியில் உல்ரிச் பேன்ஷ் என்பவர் காய்ந்த செதில் தீனியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெட்ராமின் என்று பெயர். அதற்குப் பிறகுதான் மீன் வளர்ப்பு யாருக்கும் சாத்தியமானது. அளவில்லாமல் கொட்டுவதும் அதோடு சேர்ந்தே சுலபமாகிவிட்டது. இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒன்றிரண்டு முறை. அவ்வளவுதான் தேவை. ஒருநாள் பட்டினி போட்டால் வளர்ந்த மீன் சாகாது.

கலந்து விட்டதும் தப்புதான். தங்கமீன் சீனாவில் ஆயிரம் வருஷமாக வளர்க்கப்பட்டது, குளிர்ந்த தண்ணீர் போதும், கழிவு அதிகம். ஏஞ்சல் அமேசான்காரன், வெதுவெதுப்பு வேண்டும். டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன். நாலே நாலாக விட்டால் அடுத்தவன் நீளத் துடுப்பைக் கடித்துக்கொண்டே இருக்கும், எட்டு பத்தாக விட்டால் சண்டை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். மோலிக்குப் பாசியும் கீரையும் வேண்டும். டேங்க் கிளீனர் தொட்டியைக் கழுவ வந்த வேலைக்காரன் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்தபிறகு அடியில் மூழ்கும் தீனியோ ஒரு வெள்ளரித்துண்டோ போட்டால்தான் பிழைக்கும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கேட்கிற ஊர் எங்களுடையது. கலந்து வாழ முடியும்தான். அவரவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கு சென்னைக்கு வந்த கதையும் பழசு. 1909-ல் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தது. 1919-ல் அது மீன்வளத்துறையிடம் போனது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் மூடினார்கள். இன்று வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். எங்கள் தொட்டிக்கு வந்த கப்பியும் அங்கே பிறந்ததாக இருக்கலாம்.

தேடியதில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. 1849-ல், வாரிங்டன் தன் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில், சென்னை ராணுவத்தின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். அதில் ஒன்று காவிரி மீன். முதுகுத்துடுப்பில் இழை இழையாக நீட்டம், உடம்பில் கரும்பட்டை. உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரையே லத்தீனாக்கி 'அருலியஸ்' என்று வைத்தார். வெளிநாட்டுத் தொட்டிகளில் அருலியஸ் பார்ப் இன்றும் பிரபலமான பெயர். இயற்கையில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. எங்கள் ஊர் ஓடை தொட்டஹள்ளா. கன்னடத்தில் பெரிய ஓடை என்று அர்த்தம். அது காவிரியில்தான் சேர்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கியது முழுக்க வெளியூர் மீன். எங்கள் ஆற்று மீனின் பெயர் எனக்குத் தெரியவே தெரியாது.

ஆற்றுக்குள் வெளியூர் மீன் வந்த கதையும் இருக்கிறது. கொசுவை ஒழிக்க 1928-ல் கம்பூசியாவைக் கொண்டுவந்தார்கள். 1952-ல் மண்டபத்துக்குத் திலேப்பியா வந்தது. நாம் ஜிலேபி கெண்டை என்று வறுத்துத் தின்கிறோமே, அதன் முன்னோர். இரண்டையும் நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். உள்ளூர் மீனின் இடத்தையும் இரையையும் அவை பிடித்துக்கொண்டன. டேங்க் கிளீனரை அப்படி யாரும் திட்டம்போட்டுக் கொண்டுவரவில்லை. வளர்ந்து தொட்டிக்குள் அடங்காமல் போனபோது, பாவம் பார்த்து யாரோ ஏரியில் விட்டார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை இழுத்தால் முள்ளோடு அது வருகிறது. மீனவருக்கு வலை கிழிவதுதான் மிச்சம்.

எங்கள் டேங்க் கிளீனரும் அரையடி தாண்டிவிட்டது. ஒரு அடிக்கு மேலும் வளரும். போன மழையில் தொட்டஹள்ளாவில் தண்ணீர் வந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "ஆத்துல விட்டா சந்தோஷமா இருக்கும்ல மாமா?"

"அது சந்தோஷமாத்தான் இருக்கும், கண்ணு. அங்க ஏற்கெனவே இருக்கிறது இருக்காது" என்றேன். அருலியஸ் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் கிடந்த பழைய சிமெண்ட் தொட்டியைக் கழுவி, குழாய்த் தண்ணீரை ஒருநாள் ஆறவிட்டு நிரப்பி, பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சையும் சேர்த்துப் போட்டு, அதை அங்கே மாற்றினோம். பத்து வருஷத்துக்கு மேல் வாழுமாம். அவள் காலேஜ் போகும்போதும் அது இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு வெள்ளரித்துண்டோடு அவள் மாடிக்குப் போகிறாள். ஒரே ஒரு துண்டு.