கை இல்லாத படம்

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிறர் பரணில் தூக்கிப் போட்ட பழைய காமிராக்களைத் தேடி வாங்கி வருவேன். துடைத்து அலமாரியில் வைப்பதோடு நிறுத்திக்கொண்டால் வீட்டில் சண்டை இராது. ஒவ்வொன்றிலும் ஒரு பிலிம் சுருளைப் போட்டுப் படம் பிடித்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கடைசியாக வந்து சேர்ந்தது ஓர் ஆக்பா கிளிக்-3. கல்யாணம், காதுகுத்து, பழநி யாத்திரை என்று நம் வீடுகளின் சுகங்களையெல்லாம் பார்த்த பெட்டி. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. அவ்வளவுதான் அதன் சாஸ்திரம். ஒரு சுருளுக்குப் 12 படம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவி, 1967 முதல் பிலிம் செய்துவந்த அரசாங்கத் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. இனி அயல்நாட்டுச் சுருள்தான். ஆகவே ஒவ்வொரு படத்தையும் கருமி காசை எண்ணுவதுபோல் எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

அன்னவாசலில் என் அத்தை இருக்கிறாள். காமிராவோடு அங்கே போனேன். திண்ணை நிழலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரு நிமிஷம் அசையாம இருங்க."

"உலை கொதிக்குதுடா. நீ பாட்டுக்கு எடு, நான் பாட்டுக்குப் புடைக்கிறேன்."

எடுத்தேன். படம் கழுவி வந்தது. தூண், திண்ணை, அத்தையின் முகம் எல்லாம் தெளிவாக இருந்தன. கைகளும் சுளகும் மட்டும் வெறும் புகை. அந்தப் புகையைப் பார்த்தபோதுதான், எனக்கு வெகுநாளாகப் பிடிபடாதிருந்த ஒரு சரித்திர விஷயம் பிடிபட்டது.

லின்னேயஸ் டிரைப் என்று ஓர் ஆங்கிலேயர். சென்னை ராணுவத்தில் காப்டன். 1856இல் சென்னை ராஜதானியின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். அடுத்த ஆண்டு இறுதியில் பெங்களூரிலிருந்து சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். இராமச்சந்திரத் தொண்டைமான் ஆண்ட காலம் அது. 1858இல் புதுக்கோட்டைக் காட்சிகளுக்கென்றே தனி ஆல்பம் வெளியாயிற்று. தஞ்சைக் கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கிய உழைப்பாளி அவர்.

அவருடைய படங்களில் கோபுரமும் மண்டபமும் கம்பீரமாக நிற்கின்றன. மனிதர்களைத்தான் பெரும்பாலும் காணோம். ஊரே காலிசெய்துகொண்டு போய்விட்டதோ என்று நினைத்திருக்கிறேன். ஊர் எங்கும் போகவில்லை. மெழுகு தடவிய காகிதத்தில் படம் விழ நிமிஷக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். அத்தனை நேரம் கல் நிற்கும். தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் நிற்பாளா? நடந்தவர்களெல்லாம் சுவடில்லாமல் கரைந்துபோனார்கள். வெறும் வெள்ளையாக விழுந்த வானத்தில் டிரைப் தம் கையாலேயே நெகடிவில் மேகங்களைத் தீட்டிச் சேர்த்ததுண்டு. கரைந்தவர்களை யார் சேர்ப்பது? 1859இல் கவர்னராக வந்த டிரெவெல்யன், இந்த வேலை ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார்.

மறுநாள் சித்தன்னவாசலுக்குப் போனேன். குகைக்கோயில் கூரையில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம். மீனும் யானையும் எருமையும் திரிய, நடுவே பூப்பறிக்கிற மனிதர்கள். பறித்த பூவும் பறித்த கையும் இன்றும் இருக்கின்றன. ஓவியன் யாரையும் அசையாமல் நிற்கச் சொல்லவில்லை. அசைவதை மனத்தில் வாங்கிக்கொண்டு வரைந்தான்.

பழம்படங்களில் ஆளில்லாத தெருவைப் பார்த்து, 'அந்தக் காலத்தில் என்ன அமைதி!' என்று பெருமூச்சு விடுகிறோம். அமைதியாவது! வேலை செய்தவர்களுக்கு நிற்க நேரமில்லை, அதுதான் உண்மை.

அத்தையிடம் படத்தைக் கொடுத்தேன். கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏண்டா, என் கை எங்கே?"

"வேலையாப் போயிருக்கு அத்தை."

சிரித்துவிட்டு, படத்தை மாடக்குழியில் வைத்தாள், சுளகை எடுத்துக்கொண்டாள்.