வினாத்தாளும் கொப்புளமும்

சிறுவயதில் பட்ட துன்பம் பின்னாளில் உடலை என்ன செய்கிறது என்று கேட்டது ஓர் ஆய்வு. கணவன் மனைவி சண்டை உடலை என்ன செய்கிறது என்று கேட்டது இன்னொன்று. முன்னது, வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் சான் டியேகோவில் நடத்தி 1998இல் வெளியிட்ட 'ஏ.சி.இ.' (சிறுவயதுத் துன்ப அனுபவங்கள்) ஆய்வு. பின்னது, ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் ரொனால்ட் கிளேசரும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு. (இந்த இருவரும் தம்பதியர். சண்டையைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவர அதுவும் ஒரு தகுதிதான்.)

அங்கே 9,500 பேருக்கும் மேல். இங்கே 42 தம்பதியர். அங்கே கருவி ஒரு வினாத்தாள்: அடி வாங்கியதுண்டா, வீட்டில் குடிநோயாளி இருந்தாரா, தாய் அடிபட்டாரா? இங்கே முன்கையில் உறிஞ்சுகருவி வைத்து எட்டுச் சிறு கொப்புளங்களை எழுப்பி, மேல்தோலை நீக்கினார்கள். பிறகு தம்பதியரை எதிரெதிரே அமர்த்தி, பணமோ மாமியார் வீடோ, எதில் முட்டிக்கொள்வார்களோ அதையே பேசச் சொன்னார்கள். இணக்கமாகப் பேசிய முந்தைய அமர்வோடு ஒப்பிட்டால், சண்டைக்குப் பின் புண் ஆற ஏறக்குறைய ஒரு நாள் கூடுதலாயிற்று. கடுமை மிகுந்த தம்பதியரின் புண்கள், கடுமை குறைந்தவர்களுடையதில் 60 சதவீத வேகத்தில்தான் ஆறின. சான் டியேகோவிலோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைக் குறித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு உயர்ந்திருந்தது.

ஒன்று நினைவை நம்பியது, நினைவு பிசகக்கூடியது. மற்றொன்று அளவீட்டை நம்பியது. ஆனால் அது கண்டது சில நாள் வாழ்க்கையை மட்டுமே. எனினும் இரண்டும் நலிந்தோரைத் தேடிப் போகவில்லை. முன்னதில் பெரும்பாலோர் காப்பீடு உள்ள, கல்லூரிவரை எட்டிப்பார்த்த நடுத்தர வர்க்கத்தினர். பின்னதில் உடல்நலமுள்ள தம்பதியர்.

இவ்விரு ஆய்வுகளுக்கும் இடையே என்னை வியக்கவைத்த உறவு வேறு. தாய் அடிபட்டாரா என்று கேட்ட வினாத்தாள், பெற்றோர் பிரிந்தார்களா என்றும் கேட்டது. சோதனைக்கூடத்துக் கடுஞ்சொல்லும் வீட்டு அடிதடியும் ஒன்றல்லதான். ஆனாலும் ஒஹாயோ பெரியவர்களின் நாற்காலியிலிருந்து பார்த்த திருமணத்தை, சான் டியேகோ குழந்தையின் இடத்திலிருந்து பார்த்திருக்கிறது. ஒருவருக்கு விளைவாகத் தெரிவது இன்னொருவருக்குத் தொடக்கம். கீகோல்ட்-கிளேசரின் குழுவும் 2011இல் எதிர்த்திசையில் நடந்து சிறுவயதுக்கே வந்து சேர்ந்தது: மறதிநோயாளிகளைப் பராமரிப்போரையும் மற்றவர்களையும் ஆராய்ந்தபோது, இளமையில் பல துன்பங்களைக் கண்டவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 அதிகமாக இருந்தது.

எத்தனை வகைத் துன்பங்கள் என்று எண்ணும் ஏ.சி.இ. மதிப்பெண் தனிமனிதரைக் கணிப்பதற்கானதல்ல என்று அண்டாவே 2020இல் எச்சரித்தார். 42 தம்பதியரின் சராசரிக்கும் அதே வரம்பு உண்டு. இவ்விரண்டு ஆய்வுகளையும் ஜாதகம்போல் விரித்து ஒருவரது மணவாழ்வையோ ஆயுளையோ கணிக்க முடியாது. குடும்பச் சண்டையை வெறும் மனக்கசப்பு என்று ஒதுக்குவதும் இனி முடியாது.