பாலினும் தீப்பெட்டியும்

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1844 கிறிஸ்துமஸுக்கு முன், ஹைன்ரிஷ் ஹோப்மன் என்ற மருத்துவர் தம் மூன்று வயது மகன் கார்லுக்குப் படப்புத்தகம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார். கண்ணில் பட்டவை எல்லாம் நீளக் கதைகள், இல்லையென்றால் வறட்டு அறிவுரைகள். கடைசியில் எழுதாத நோட்டு ஒன்றை வாங்கிவந்து, தாமே படம் வரைந்து பாட்டும் எழுதினார். மருத்துவரைக் கண்டு அலறும் பிள்ளைகளைப் படம் போட்டுக் காட்டி அமர்த்துவது அவருக்குக் கைவந்த வித்தை. நோட்டைப் பார்த்த பதிப்பாளர் லோவென்தால் விடவில்லை. 1845இல் அச்சேறி, பிறகு ‘ஸ்ட்ருவெல்பீட்டர்’ என்று உலகெங்கும் போன புத்தகம் அதுதான்.

அதில் வரும் தீயின் கதை முதல் பதிப்பில் கிடையாது. 1846இல் இரண்டாம் பதிப்பில்தான் பாலின் என்ற சிறுமி வந்து சேர்ந்தாள். அப்பா அம்மா வெளியே போயிருக்கிறார்கள். சிறுமி தீக்குச்சியை உரசுகிறாள். இரண்டு பூனைகள் முன்னங்காலைத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்கின்றன. பாவாடையில் தீ பற்றுகிறது. கடைசிப் படத்தில் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல், ஒரு ஜோடி செருப்பு, பூனைகளின் கண்ணீர். அன்றைய தீக்குச்சி எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் பாஸ்பரஸ் குச்சி. பெட்டியின் பக்கத்தில் மட்டும் உரசிப் பற்றவைக்கும் பாதுகாப்பான குச்சி, ஸ்வீடனிலிருந்து 1850களில்தான் கடைக்கு வந்தது. ஹோப்மன் கற்பனைப் பூச்சாண்டியைக் காட்டவில்லை.

ஆனாலும் அந்தக் கதை குழந்தையைப் பாதிவழியில் விட்டுவிடுகிறது. தொடாதே என்கிறது, தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. பயந்த பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளியும், புகையில் மூச்சுமுட்டும். 1951இல் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் உருவாக்கிய ஸ்பார்க்கி என்ற சித்திர நாய் இந்தப் பயமுறுத்தும் தொனியிலிருந்து விலகியது. வீட்டைவிட்டு வெளியேறும் வழியைப் பெற்றோரோடு உட்கார்ந்து திட்டமிடும்படி அது பிள்ளைகளிடம் பேசியது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இப்படி வழி சொல்லும் ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டும். அடுக்களையில் கேஸ் சிலிண்டர், பூசையறையில் குத்துவிளக்கு, தீபாவளிக்கு மத்தாப்பு, கார்த்திகைக்கு அகலும் சொக்கப்பனையும் என்று தீயோடேயே வளரும் பிள்ளைகள் இவர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில், சமையல்கூடத்துத் தீ ஓலைக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன் பிறகும் நாம் தீயைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது, ஏப்ரல் 14இல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துபோகிறது.

பெரிய புத்தகம் வேண்டியதில்லை. உடையில் பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருளும் ஒரு பெண்பிள்ளை. புகைக்குக் கீழே தவழ்ந்து வாசலுக்கு வரும் தம்பி. வெளியே வந்தபின் 101ஐ அழைக்கும் ஆச்சி. தீப்புண்ணில் மையோ பற்பசையோ தடவாமல் குழாய்த் தண்ணீரை விடும் அம்மா. இவ்வளவு போதும். ஓவியர்களே, பதிப்பாளர்களே, அடுத்த ஏப்ரலுக்குள் இதைச் செய்துகொடுங்கள்.